பூட்டை உடைக்கவேண்டாம், உரிமையாளரைப் பாருங்கள்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கிவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் வசதி இல்லாத பழைய மடிக்கணினிகளை வைத்திருப்போருக்கு இருக்கும் வழிகளில் ஒன்று லினக்ஸ். லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவற்றை இலவசமாகப் பதிவிறக்கி நிறுவலாம். இணையத்தில் உலாவலாம், கடிதம் எழுதலாம், படம் பார்க்கலாம். முதல் சில நாட்களில் பெரும்பாலும் சிக்கல் எதுவும் வருவதில்லை.

பழைய வன்தட்டைச் செருகி, அதில் உள்ள குடும்பப் படங்களைத் திறக்கும்போதோ, ஒரு கோப்புறையில் எதையாவது சேமிக்க முயலும்போதோதான் முதல் தடங்கல் வருகிறது. “அனுமதி மறுக்கப்பட்டது” என்று திரையில் ஒரு வரி தோன்றுகிறது. படங்கள் கண்ணெதிரே இருக்கின்றன, ஆனால் கைக்கு எட்டவில்லை. கணினி நம்முடையது, வன்தட்டும் நம்முடையது. பிறகு யார் அனுமதி தரவேண்டும் என்ற எரிச்சல் எழுவது இயல்புதான்.

இந்த நேரத்தில் விவரம் தெரிந்த ஒருவர் சொல்லும் குறுக்குவழி ஒன்று உண்டு. “777 என்று போடு, எல்லாம் திறந்துகொள்ளும்” என்பார். உண்மையில் திறந்துகொள்ளும். ஆனால், தவறான இடத்தில் அதைச் செய்தால் கணினியை மீண்டும் முதலிலிருந்து நிறுவவேண்டிய நிலை வரலாம். அனுமதிச் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பூட்டு அல்ல. கோப்பின் உரிமையாளர் யார் என்பதில் ஏற்பட்ட குழப்பம். அதைப் புரிந்துகொண்டால் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம்.

கணினிக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும்

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளரும் ஒரு குழுவும் உண்டு. திரையில் உங்கள் பெயர் தெரிந்தாலும் வன்தட்டில் பதிவாவது பெயர் அல்ல, ஓர் எண். உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா ஆகியவற்றில் முதலில் உருவாக்கப்படும் பயனருக்கு 1000 என்ற எண் கிடைக்கும். அடுத்தவருக்கு 1001. ‘ரூட்’ எனப்படும் நிர்வாகியின் எண் 0.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பழைய கணினியில் அப்பா 1000, மகள் 1001. புதிய கணினியை அம்மா நிறுவினார். எனவே அதில் அம்மா 1000, அப்பா 1001. இப்போது பழைய கணினியின் வன்தட்டைப் புதிய கணினியில் செருகினால் என்ன ஆகும்? அப்பாவின் படங்கள் அம்மாவுக்குச் சொந்தமானவையாகக் காட்டப்படும். மகளின் பள்ளிப் பாடங்கள் அப்பாவுக்குச் சொந்தமாகிவிடும். யாரும் எதையும் மாற்றவில்லை. வீட்டு எண் மட்டும் எழுதிய பொட்டலம் வேறொரு புளோக்குக்குப் போனால், அங்கே அதே எண் கொண்ட வீட்டில்தானே கொடுக்கப்படும்? அதே கதைதான்.

‘இஎக்ஸ்டி4’ போன்ற லினக்ஸ் கோப்பு முறைகளில் வடிவமைத்த வன்தட்டுகளில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். பழைய லினக்ஸை அழித்துவிட்டு மீண்டும் நிறுவியவர்களும் இதைச் சந்திக்கலாம்.

ஒன்பது சுவிட்சுகள்

உரிமையாளர் எண்ணுக்கு அடுத்து வருவது அனுமதி. உரிமையாளர், குழு, மற்றவர் என மூன்று தரப்பினர். ஒவ்வொரு தரப்புக்கும் படிக்க, எழுத, இயக்க என மூன்று அனுமதிகள். மொத்தம் ஒன்பது சுவிட்சுகள். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று மதிப்பிட்டுக் கூட்டினால் ஒவ்வொரு தரப்புக்கும் ஓர் இலக்கம் கிடைக்கும். 755 என்றால் உரிமையாளருக்கு எல்லாமும் (4+2+1), மற்ற இரு தரப்புக்கும் படிக்கவும் இயக்கவும் (4+1) அனுமதி. 700 என்றால் உரிமையாளரைத் தவிர வேறு யாருக்கும் இடமில்லை. 777 என்றால் எல்லாருக்கும் எல்லாமும்.

இந்த ஏற்பாட்டுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் வயது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டெனிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தது. அனுமதியை மாற்றும் ‘சிஎச்மாட்’ கட்டளையும் உரிமையாளரை மாற்றும் ‘சிஎச்ஓன்’ கட்டளையும் அதிலேயே இருந்தன. அப்போது உரிமையாளர், மற்றவர் என இரண்டே தரப்புகள். குழு பின்னர் சேர்ந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல் லினக்ஸை உருவாக்கியபோது யூனிக்ஸின் இந்த முறையையே பின்பற்றினார்.

கோப்புகளைப் பொறுத்தவரை மூன்று அனுமதிகளின் பொருளும் எளிது. கோப்புறைக்கு வரும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். கோப்புறையைப் ‘படிக்க’ அனுமதி இருந்தால் உள்ளே உள்ள பெயர்களைப் பார்க்கலாம். ‘இயக்க’ அனுமதி என்பது அதற்குள் நுழையும் உரிமை. ‘எழுத’ அனுமதி இருந்து, நுழையவும் முடிந்தால் புதிய கோப்பைச் சேர்க்கலாம், இருப்பதை அழிக்கலாம், பெயர் மாற்றலாம்.

இதிலிருந்து ஒரு வியப்பான விளைவு பிறக்கிறது. ஒரு கோப்பை அழிக்க முடியுமா என்பதை அந்தக் கோப்பின் அனுமதி முடிவு செய்வதில்லை. அது இருக்கும் கோப்புறையின் அனுமதிதான் முடிவு செய்கிறது. உங்கள் கோப்புறையில் நிர்வாகிக்குச் சொந்தமான கோப்பு ஒன்று இருந்தால், அதில் ஓர் எழுத்தைக்கூட நீங்கள் மாற்ற முடியாமல் போகலாம். ஆனால் அதை அப்படியே அழித்துவிட முடியும்.

இன்னொன்றையும் நினைவில் வைக்கவேண்டும். ஐந்தாவது அடுக்கில் உள்ள கோப்புறையைத் திறக்க, அதற்கு மேலே உள்ள நான்கு கோப்புறைகளிலும் நுழையும் அனுமதி வேண்டும். கீழ்த்தளக் கதவு பூட்டியிருந்தால் வீட்டுச் சாவி கையில் இருந்தும் பயனில்லை.

முதலில் மூன்று கேள்விகள்

சரிசெய்யத் தொடங்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காணுங்கள். நான் யார்? இந்தக் கோப்புறை யாருடையது? வழியில் எந்தக் கதவு பூட்டியிருக்கிறது?

முனையத்தைத் திறந்து ‘ஐடி’ என்று ஆங்கிலத்தில் இரண்டே எழுத்துகளைத் தட்டினால் உங்கள் எண்ணும் நீங்கள் சேர்ந்துள்ள குழுக்களும் தெரியும். ‘ஸ்டாட்’ என்று தட்டி, இடைவெளி விட்டு, கோப்புறையின் பெயரைச் சேர்த்தால் அதன் உரிமையாளர் எண், பெயர், அனுமதி இலக்கங்கள் மூன்றும் கிடைக்கும். இரண்டு எண்களும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ‘நேம்ஐ’ (என்-ஏ-எம்-இ-ஐ) என்ற கட்டளையுடன் கழித்தல் குறி, சிறிய ‘எல்’, பிறகு முழுப் பாதையைக் கொடுத்தால், மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு அடுக்கின் உரிமையாளரையும் அனுமதியையும் வரிசையாகக் காட்டும்.

முனையம் வேண்டாம் என்போர் கோப்புறையின் மீது வலது பொத்தானை அழுத்திப் ‘பண்புகள்’, அதில் ‘அனுமதிகள்’ என்ற பக்கத்தைத் திறந்து பார்க்கலாம்.

திரையில் வந்த செய்தியையும் கவனமாகப் படியுங்கள். ‘பெர்மிஷன் டினைட்’ என்றால் அது அனுமதிச் சிக்கல். ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்றால் வன்தட்டு முழுவதுமே படிக்க மட்டும் இணைக்கப்பட்டுள்ளது என்று பொருள். இரண்டாவது நிலையில் அனுமதியை எத்தனை முறை மாற்ற முயன்றாலும் பலன் இராது.

எந்தச் சிக்கலுக்கு எந்தத் தீர்வு

முதலாவது, வேறொரு லினக்ஸ் கணினியிலிருந்து வந்த வன்தட்டு. கோப்புகளைப் படிக்க முடிகிறது, மாற்றத்தான் முடியவில்லை என்றால், அவற்றை உங்கள் சொந்தக் கோப்புறைக்குப் படியெடுத்தால் போதும். படியெடுத்த கோப்புக்கு நீங்களே உரிமையாளர். வேறு எதையும் மாற்றவேண்டியதில்லை.

படிக்கவே முடியவில்லை என்றால் உரிமையாளரை மாற்றவேண்டும். லினக்ஸ் மின்ட்டின் ‘நீமோ’ கோப்பு மேலாளரில் வலது பொத்தானை அழுத்தினால் ‘ரூட்டாகத் திற’ என்ற தெரிவு இருக்கும். கடவுச்சொல் கொடுத்ததும் நிர்வாகியின் அதிகாரத்தோடு ஒரு சாளரம் திறக்கும். எச்சரிக்கையாக அதன் மேல்பகுதியில் சிவப்புப் பட்டை தெரியும். அங்கே ‘அனுமதிகள்’ பக்கத்தில் உரிமையாளராக உங்கள் பெயரைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தச் சாளரத்திலிருந்தே படங்களைப் படியெடுக்காதீர்கள். அப்படிச் செய்தால் புதிய கோப்புகளும் நிர்வாகிக்குச் சொந்தமாகி, சிக்கல் இடம் மாறுமே தவிர தீராது.

உள்ளே நூற்றுக்கணக்கான கோப்புறைகள் இருந்தால் முனையமே எளிது. கட்டளையில் ஐந்து பகுதிகள், இடையில் இடைவெளி: ‘சூடோ’ (எஸ்-யு-டி-ஓ), ‘சிஎச்ஓன்’ (சி-எச்-ஓ-டபிள்யூ-என்), கழித்தல் குறியுடன் பெரிய ‘ஆர்’, உங்கள் பயனர் பெயர், கடைசியாகக் கோப்புறையின் முழுப் பாதை. பெரிய ‘ஆர்’ என்பது உள்ளே உள்ள அனைத்துக்கும் இதையே செய் என்ற ஆணை. ஆகவே கடைசிப் பகுதியை இருமுறை சரிபார்த்த பிறகே ‘என்டர்’ விசையைத் தட்டுங்கள்.

இரண்டாவது, நிர்வாகியின் அதிகாரத்தோடு ஒரு செயலியைத் திறந்ததால் வரும் சிக்கல். ‘சூடோ’ போட்டு ஓர் எழுத்துத் தொகுப்பானைத் திறந்திருப்பீர்கள். அது உங்கள் கோப்புறையில் சில கோப்புகளை நிர்வாகியின் பெயரில் விட்டுச் சென்றிருக்கும். லினக்ஸ் மின்ட் போன்றவற்றில் ‘எக்ஸ்அதாரிட்டி’ என்ற மறைந்திருக்கும் கோப்பு இப்படி மாறிவிட்டால், கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தாலும் திரை ஒரு கணம் கறுத்து, மீண்டும் நுழைவுப் பக்கத்துக்கே திரும்பிவரும். கணினி கெட்டுவிட்டது என்று பதறவேண்டாம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அங்கே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைந்து, மேலே சொன்ன ஐந்து பகுதிக் கட்டளையை உங்கள் சொந்தக் கோப்புறைக்கு மட்டும் கொடுங்கள். பிறகு கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

மூன்றாவது, விண்டோஸ் வன்தட்டு. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்போர், லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியில் எழுத முடியவில்லை என்பார்கள். காரணம் பெரும்பாலும் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’. விண்டோஸ் 8 முதல் வந்த வசதி இது. கணினியை நிறுத்தினாலும் விண்டோஸ் முழுமையாக நிற்காமல் தன் நிலையை வன்தட்டில் பதிந்து வைக்கும். பாதி வேலையில் இருக்கும் அந்தப் பகுதியில் எழுதினால் தரவு கெடும் என்பதால் லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் இணைக்கிறது. விண்டோஸில் நுழைந்து அந்த வசதியை அணைத்துவிட்டு, முறையாக நிறுத்தினால் சிக்கல் தீரும்.

நான்காவது, ‘ஃபேட்32’, ‘எக்ஸ்ஃபேட்’ முறையில் வடிவமைத்த தம்ப் டிரைவ். இவற்றில் உரிமையாளர் எண்ணைப் பதியவே இடமில்லை. இணைக்கும் நேரத்தில் முழு டிரைவுக்கும் ஒரே அனுமதி தரப்படுகிறது. தனித்தனிக் கோப்புகளுக்கு அனுமதியை மாற்றினால் அது நிலைக்காது. திடீரென்று எழுத முடியாமல் போனால் டிரைவின் பக்கவாட்டில் பூட்டுச் சுவிட்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கோப்பு முறையில் பழுது ஏற்பட்டிருக்கலாம். முதலில் உள்ளே இருப்பதைப் படியெடுத்து வையுங்கள்.

ஐந்தாவது, எல்லாச் செயலிகளிலும் திறக்கிறது, ஒன்றில் மட்டும் திறக்கவில்லை என்ற நிலை. அந்தச் செயலி ‘ஸ்னாப்’ அல்லது ‘ஃபிளாட்பேக்’ வழியாக நிறுவப்பட்டதா என்று பாருங்கள். கைப்பேசிச் செயலிகளைப்போல இவையும் வேலிக்குள் இயங்குபவை. வெளி வன்தட்டைத் தொட இவற்றுக்குத் தனி அனுமதி வேண்டியிருக்கும். கணினியின் அமைப்புகளில் செயலிகள் பகுதியில் அதைக் கொடுக்கலாம். கோப்புறையில் கை வைக்கவேண்டியதில்லை.

வீட்டில் எல்லாருக்கும் ஒரு கோப்புறை

ஒரே கணினியைக் குடும்பத்தில் மூவர் பயன்படுத்தினால் பொதுக் கோப்புறை ஒன்று தேவைப்படும். இதற்கும் 777 தேவையில்லை. குழு என்ற ஏற்பாடே இதற்காகத்தான்.

‘குடும்பம்’ என்பதுபோல ஒரு குழுவை உருவாக்கி (பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள்), மூவரையும் சேருங்கள். கோப்புறையை அந்தக் குழுவுக்குச் சொந்தமாக்கி, 2770 என்ற அனுமதியைக் கொடுங்கள். முன்னால் உள்ள 2, அந்தக் கோப்புறையில் உருவாகும் புதிய கோப்புகள் எல்லாம் அதே குழுவுக்குச் சொந்தமாகவேண்டும் என்கிறது. 2க்குப் பதில் 3 என்று கொடுத்தால் இன்னொரு பாதுகாப்பும் சேரும்: ஒருவர் வைத்த கோப்பை அவரும் கோப்புறையின் உரிமையாளரும் தவிர குழுவில் உள்ள வேறு யாரும் அழிக்க முடியாது. எல்லாருக்கும் பொதுவான ‘டெம்ப்’ கோப்புறையை லினக்ஸ் காப்பதும் இதே முறையில்தான்.

இரண்டு விஷயங்களை மறக்கவேண்டாம். குழுவில் சேர்க்கப்பட்டவர் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் அது நடப்புக்கு வரும். மேலும், பொதுக் கோப்புறையை ஒருவரின் சொந்தக் கோப்புறைக்குள் வைக்காதீர்கள். உபுண்டு 21.04 பதிப்பு முதல் புதிதாக உருவாகும் பயனரின் சொந்தக் கோப்புறைக்கு 750 அனுமதியே தரப்படுகிறது. மற்றவர் உள்ளே நுழைய முடியாது. வெளியே தனியிடத்தில் வைப்பதே நல்லது.

777 ஏன் கூடாது

எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா? தீராது, புதிய சிக்கல் தொடங்கும். தொலைக் கணினிகளோடு இணைக்கும் ‘எஸ்எஸ்எச்’ மென்பொருள், உங்கள் இரகசியச் சாவிக் கோப்பை மற்றவரும் படிக்கலாம் என்று தெரிந்தால் அந்தச் சாவியை ஏற்க மறுத்துவிடும். திறந்து கிடக்கும் சாவி சாவியே அல்ல என்பது அதன் நியாயம்.

இதைவிட மோசமானது, முழுக் கணினிக்கும் சேர்த்து 777 கொடுப்பது. ‘சூடோ’ என்ற கட்டளை இயங்குவதற்கு அதன் கோப்பில் ஒரு சிறப்பு அடையாளம் இருக்கவேண்டும். அதை இயக்குபவர் யாராக இருந்தாலும், கோப்பின் உரிமையாளரான நிர்வாகியின் அதிகாரத்தில் இயங்கட்டும் என்று சொல்லும் அடையாளம் அது. டெனிஸ் ரிட்சியின் கண்டுபிடிப்பான அதற்கு 1979ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. 777 கொடுக்கும்போது அந்த அடையாளம் அழிந்துபோகிறது. அதன்பின் ‘சூடோ’ இயங்காது. செய்த தவற்றைத் திருத்தத் தேவையான அதிகாரமே கையைவிட்டுப் போய்விடும்.

உரிமையாளரை மாற்றுவதிலும் இதே கவனம் வேண்டும். மென்பொருள் உருவாக்குவோர் பரவலாகப் பயன்படுத்தும் ‘என்பிஎம்’ என்ற கருவியின் 5.7.0 பதிப்பு 2018 பிப்ரவரியில் வெளிவந்தது. அதை ‘சூடோ’வுடன் இயக்கியபோது, இயங்குதளத்தின் முக்கியக் கோப்புறைகளின் உரிமையாளரை மாற்றிவிட்டது. பாதிக்கப்பட்ட சிலர் இயங்குதளத்தையே மீண்டும் நிறுவவேண்டியதாயிற்று. உடனடியாக 5.7.1 பதிப்பு வெளியிடப்பட்டு அந்தக் கோளாறு சரிசெய்யப்பட்டது. வல்லுநர்கள் எழுதிய கருவிக்கே இந்தக் கதி என்றால், அவசரத்தில் தட்டும் ஒரு வரிக் கட்டளை என்னவெல்லாம் செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

சொந்தக் கோப்புகளின் அனுமதியை ஒட்டுமொத்தமாகச் சீராக்க நேர்ந்தால் இலக்கங்களைத் தவிர்த்து, எழுத்துகளைப் பயன்படுத்தலாம். ‘சிஎச்மாட்’ கட்டளையில் சிறிய ‘எக்ஸ்’ எழுத்துக்குப் பதில் பெரிய ‘எக்ஸ்’ எழுத்தைக் கொடுத்தால், நுழையும் அனுமதி கோப்புறைகளுக்குக் கிடைக்கும். சாதாரணப் படங்களும் கடிதங்களும் இயக்கக்கூடிய நிரல்களாக மாறிவிடாது.

அனுமதி காக்காத இடம்

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் தேவை. இந்த அனுமதிகள் கணினி இயங்கும்போதுதான் காவல் இருக்கும். வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் செருகினால், அந்தக் கணினியின் நிர்வாகி உள்ளே உள்ள அனைத்தையும் படிக்கலாம். பழைய வன்தட்டிலிருந்து நம் படங்களை மீட்க முடிவது இதனால்தான். திருடப்பட்ட மடிக்கணினியில் மற்றவர் நம் வங்கி அறிக்கையைப் படிக்க முடிவதும் இதனால்தான். அதைத் தடுக்க லினக்ஸை நிறுவும்போதே வன்தட்டை மறையாக்கம் செய்யும் தெரிவைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பழைய கணினியை விற்கவோ கொடுக்கவோ எண்ணுவோர், 700 என்று பூட்டியிருக்கிறோமே என்று நம்பி விட்டுவிடாமல் வன்தட்டை முறையாக அழித்துக் கொடுக்கவேண்டும்.

அடுத்த முறை “அனுமதி மறுக்கப்பட்டது” என்று கணினி சொன்னால், முதலில் முக்கியமான கோப்புகளுக்கு இன்னொரு படி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ‘ஐடி’, ‘ஸ்டாட்’ என்ற இரண்டு சிறிய கட்டளைகளைத் தட்டுங்கள். அவை எதையும் மாற்றுவதில்லை, பார்த்துச் சொல்வதோடு சரி. இரண்டு எண்களும் வேறுபட்டால் காரணம் தெரிந்துவிட்டது. அந்த ஒரு கோப்புறையின் உரிமையாளரை மட்டும் மாற்றுங்கள். மற்றக் கதவுகள் பூட்டியபடியே இருக்கட்டும்.